முந்தும் வசந்தம், சுருங்கும் பருவம்: தலைநகரத் தோட்டங்கள் தரும் முன்னறிவிப்பு

புது தில்லி: நாடாளுமன்றத்தின் பட்ஜெட் கூட்டத்தொடரும் குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்தின் மலர்க் காலமும் தலைநகரில் ஏறத்தாழ ஒரே வாரத்தில் தொடங்குகின்றன. ஜனவரி இறுதியில் இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தில் குடியரசுத் தலைவர் உரையாற்றுகிறார். 2017-ஆம் ஆண்டு முதல், முழு பட்ஜெட்டோ இடைக்கால பட்ஜெட்டோ, பிப்ரவரி முதல் நாளன்று தாக்கலாகிறது. அதை ஒட்டிய நாள்களில் மாளிகையின் பின்புறத் தோட்டம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுகிறது.

முதல் இரண்டும் நாளிதழ்களின் முதல் பக்கத்தைப் பிடித்துக்கொள்கின்றன. மூன்றாவதற்கு உள்பக்கத்தில் ஒரு வண்ணப் படம் கிடைத்தால் அதிகம். ஆனால், வட இந்தியாவில் வசந்தம் எப்போது வருகிறது, எத்தனை நாள் தங்குகிறது என்பது இப்போது பூக்களை மட்டும் சார்ந்த கேள்வி அல்ல. மத்தியத் தொகுப்பின் கிடங்குகளில் எவ்வளவு கோதுமை சேரும் என்பதும் அதே சில வாரங்களின் வெயிலைப் பொறுத்தே அமைகிறது. தில்லித் தோட்டங்களில் தென்படும் அறிகுறிகளை அரசியல் நோக்கர்களும் கவனிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

பனிமூட்டத்துக்குள் முதல் மொட்டு

தமிழர்களின் ஆறு பருவக் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். சித்திரை பிறந்த பிறகே இளவேனில். தில்லியில் சித்திரை பிறக்கும்போது கோடை வந்து உட்கார்ந்திருக்கும். எனவே இங்கு வசந்தம் பின்பனிக்குள்ளேயே வந்து போயாக வேண்டும். ஜனவரியில் தில்லியின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பநிலை 7 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கிறது. மூடுபனியால் விமானங்களும் ரயில்களும் மணிக்கணக்கில் தாமதமாகின்றன. மார்ச் மாதத்திலோ பகல் வெப்பம் சராசரியாக 30 டிகிரியை எட்டிவிடுகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சில வாரங்களே தலைநகருக்குக் கிடைக்கும் வசந்தம்.

அதன் வருகையை முதலில் அறிவிப்பது கடுகு. தில்லியைச் சுற்றியுள்ள ஹரியாணா, ராஜஸ்தான், மேற்கு உத்தரப் பிரதேச வயல்கள் ஜனவரியிலேயே மஞ்சளாகின்றன. மாக மாத வளர்பிறையின் ஐந்தாம் நாளான வசந்த பஞ்சமியன்று மக்கள் மஞ்சள் உடை உடுத்துகின்றனர். அதே நாளை ஒட்டி நிஜாமுதீன் தர்காவிலும் கடுகுப் பூக்களும் மஞ்சள் துணியும் காணிக்கையாகின்றன. இளம் உறவினர் ஒருவரை இழந்து துயருற்றிருந்த நிஜாமுதீன் அவுலியாவை மகிழ்விக்க, கவிஞர் அமீர் குஸ்ரு மஞ்சள் உடையில் கடுகுப் பூவுடன் வந்து பாடினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இரு சமயத்தாருக்கும் பொதுவான பருவ விழா ஒன்றைத் தில்லி பல நூற்றாண்டுகளாகக் காத்து வருகிறது.

அடுத்து மரங்கள். பிப்ரவரியில் முள்ளிலவு தன் இலைகளை உதிர்த்துவிட்டு, வெற்றுக் கிளைகளில் உள்ளங்கை அகலச் சிவப்புப் பூக்களைத் தாங்குகிறது. அதைத் தொடர்ந்து புரசு பூக்கிறது. சென்னைப் புரசைவாக்கத்தின் பெயரில் இருப்பது இந்த மரமே. அரச மரங்கள் பழைய இலையை உதிர்த்துச் செம்பு நிறத் தளிர் விடுவதும் இந்த மாதங்களில்தான். வசந்த காலத்தில் சாலை நிறையச் சருகு கிடப்பது தெற்கிலிருந்து புதிதாக வருவோருக்கு வியப்பைத் தரும். இலையுதிர்வும் தளிர்ப்பும் ஒரே நேரத்தில் நடப்பது தில்லியின் இயல்பு.

பறவைகளும் நாள் குறிக்கின்றன. குளிர்காலம் முழுவதும் அடங்கியிருந்த செம்மார்புக் குக்குறுவான், செம்பைச் சுத்தியால் தட்டுவது போன்ற தன் சீரான குரலை எழுப்பத் தொடங்குகிறது. ஊதாத் தேன்சிட்டின் ஆண் பறவை மங்கிய உடையைக் களைந்து மின்னும் கருநீலத்துக்கு மாறுகிறது. யமுனைப் படித்துறைகளில் நவம்பர் முதல் கூட்டமாகப் பறந்த கடற்காகங்கள் வடக்கு நோக்கித் திரும்பிச் செல்கின்றன.

பதினைந்து ஏக்கர் பூந்தோட்டம்

இவ்வளவு அறிகுறிகளும் ஓரிடத்தில் முறையாகத் திட்டமிடப்பட்டுக் காட்சிக்கு வருவது ரைசினா குன்றின் மேல்தான். கொல்கத்தாவிலிருந்து தலைநகர் தில்லிக்கு மாற்றப்படும் என்று 1911 டிசம்பர் 12 அன்று தில்லி தர்பாரில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தார். அதன் பிறகு வைஸ்ராய்க்கான மாளிகையை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ், அதன் தோட்டத்துக்கான வரைபடத்தை 1917-இல் முடித்தார். ஆனால் செடிகள் நடப்பட்டது 1928-29-இல்தான். தோட்டக்கலைத் துறையை நிர்வகித்த வில்லியம் மஸ்டோ அந்தப் பணியை முன்னின்று நடத்தினார்.

காஷ்மீரத்து முகலாயத் தோட்டங்களின் நீர்க்கால்களும் ஆங்கிலேயர் விரும்பிய மலர்ப் பாத்திகளும் இங்கு ஒன்றுசேர்ந்தன. வடக்குத் தெற்காக இரண்டு, கிழக்கு மேற்காக இரண்டு என நான்கு நீர்க்கால்கள் முதன்மைத் தோட்டத்தைச் சதுரங்களாகப் பிரிக்கின்றன. அவை சந்திக்கும் இடங்களில் தாமரை வடிவ நீரூற்றுகள் ஆறு உள்ளன. சதுரத் தோட்டத்தில் குடை போல் வெட்டிவிடப்பட்டு நிற்பவை தமிழகத்துக் கோயில்களில் பழக்கமான மகிழ மரங்கள். புல்வெளியில் இருப்பதும் நமது அருகம்புல்லே. தொடக்கத்தில் அது கொல்கத்தாவின் பெல்வடேர் மாளிகை வளாகத்திலிருந்து கொண்டுவரப்பட்டது. ஆண்டுக்கு ஒரு முறை, பருவமழைக்கு முன், புல் முழுவதும் அகற்றப்பட்டுப் புது மண் பரப்பப்படுகிறது. மூன்று வாரங்களில் புல் மீண்டும் தழைக்கிறது.

முதன்மைத் தோட்டத்தை அடுத்து நீள்தோட்டம். அதற்கு அப்பால் வட்டத் தோட்டம். மொத்தப் பரப்பு 15 ஏக்கர். நீண்ட காலம் முகலாயத் தோட்டம் என்று அழைக்கப்பட்ட இதற்கு 2023 ஜனவரி 28 அன்று 'அம்ரித் உத்யான்' என்று பெயர் சூட்டப்பட்டது. பெயர் மாற்றம் கட்சிகளிடையே விவாதத்தைக் கிளப்பியது. அதே ஆண்டில் நடந்த மற்றொரு மாற்றம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. தோட்டம் திறந்திருக்கும் காலம் ஏறத்தாழ ஒரு மாதத்திலிருந்து இரண்டு மாதமாக நீட்டிக்கப்பட்டது. 2022-இல் பிப்ரவரி 12 முதல் மார்ச் 16 வரை பொதுமக்கள் அனுமதிக்கப்பட்டனர். 2023-இல் ஜனவரி 31-ஆம் தேதியே கதவு திறந்தது. 2024-இலும் 2025-இலும் பிப்ரவரி 2 அன்று திறந்து, மார்ச் இறுதி வரை தோட்டம் மக்கள் பார்வைக்கு இருந்தது.

அதிக மக்கள் வந்து பார்க்க வேண்டும் என்ற நிர்வாக முடிவு அது. பருவநிலையைக் காரணமாகக் காட்டி எடுக்கப்பட்டதல்ல. ஆயினும் தோட்டப் பணியாளர்களுக்கு அது ஒரு சோதனையாக அமைந்தது. பிப்ரவரி முதல் வாரத்திலேயே பூக்கள் விரிந்திருக்க வேண்டும்; மார்ச் கடைசி வாரத்திலும் அவை வாடாமல் இருக்க வேண்டும்.

குளிர்காலத்து ஓராண்டுச் செடிகளின் விதைகள் செப்டம்பர், அக்டோபரில் நாற்றங்காலில் இடப்படுகின்றன. நவம்பரில் நாற்றுகள் பாத்திகளுக்கு மாறுகின்றன. ரோஜாச் செடிகளுக்கு அக்டோபரில் கவாத்து நடக்கிறது. டிசம்பர், ஜனவரிப் பனியில் செடிகள் வேர் பிடித்துக் கிளைக்கின்றன. பேன்சி, பெட்டூனியா, டாலியா, ஸ்வீட் பீ, பாப்பி போன்றவை பிப்ரவரி வெயிலின் முதல் இளஞ்சூட்டில் மலர்கின்றன. இந்தக் கணக்கில் ஒரு பகுதி மட்டுமே மனிதர் கையில் உள்ளது. விதைக்கும் நாளைத் தள்ளிப் போடலாம். மொக்கைக் கிள்ளிப் பூப்பதைத் தாமதப்படுத்தலாம். இரண்டாம் தவணை நாற்றைத் தயாராக வைத்திருக்கலாம். பிப்ரவரி நடுவிலேயே வெயில் ஏறினால், குளிருக்குப் பழகிய செடி பூக்கும் காலத்தைச் சுருக்கிக்கொண்டு விதை பிடிக்கத் தொடங்கிவிடும்.

குளிர்நாட்டுப் பூவான துலிப் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. புது தில்லி மாநகராட்சி மன்றம் அண்மை ஆண்டுகளில் லட்சத்துக்கும் மேற்பட்ட துலிப் கிழங்குகளை நெதர்லாந்திலிருந்து தருவித்து, தூதரகங்கள் அமைந்த சாந்தி பத் சாலையிலும் லோதி தோட்டத்திலும் மற்ற இடங்களிலும் நட்டு வருகிறது. குளிரான ஆண்டில் அந்தப் பூக்கள் சில வாரங்கள் நிற்கும். வெயில் முந்தினால் சில நாள்களிலேயே இதழ் விரிந்து உதிர்ந்துவிடும்.

ராஜாஜி விதைத்த கோதுமை

இந்தத் தோட்டத்தின் வரலாற்றில் தமிழர்களின் தடம் அழுத்தமானது. குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் கள்ளிச்செடிகளுக்கென ஒரு பகுதியைச் சேர்த்தார். ஏ.பி.ஜே. அப்துல் கலாம் காலத்தில் மூலிகைத் தோட்டம், இசைத் தோட்டம், பார்வையற்றோர் தொட்டும் முகர்ந்தும் செடிகளை அறிந்துகொள்ளும் தோட்டம் ஆகியவை உருவாயின.

அவர்களுக்கெல்லாம் முன்னோடியாக இங்கு மண்ணைக் கிளறியவர் ராஜாஜி. 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி வரை இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரலாக இந்த மாளிகையில் வசித்தவர் அவர். நாட்டில் உணவுப் பஞ்சம் நிலவிய காலம் அது. வைஸ்ராய்களின் பூந்தோட்ட வளாகத்தில் ஒரு பகுதியை உணவு தானியத்துக்கென ஒதுக்கி, கோதுமை விதைத்தார். தாமும் அதில் வேலை செய்தார். அந்த இடத்தில் இப்போது 'தாலிகானா' என்ற காய்கறித் தோட்டம் இருக்கிறது. பிற்பாடு குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் பூந்தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். வைஸ்ராய்க்கு மட்டுமே உரியதாக இருந்த இடம் இவ்வாறு முதலில் உணவுக்காகவும் பின்னர் மக்களுக்காகவும் வழிவிட்டது.

அதிகார வளாகத்துப் புல்வெளியில் பயிர் விளைவித்த வரலாறு ராஜாஜியோடு முடியவில்லை. 1965-இல் போரும் வறட்சியும் ஒரு சேர வந்தபோது, வாரத்தில் ஒரு வேளை உணவைத் தவிர்க்குமாறு நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்ட பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, தம் வீட்டுத் தோட்டத்தில் தாமே உழுது காட்டினார். அவரது அமைச்சரவையில் உணவு, வேளாண்மைத் துறைகளைக் கவனித்த சி. சுப்பிரமணியம், தில்லியில் தம் அரசு இல்லத்துப் புல்வெளியைக் கொத்தி, மெக்சிகோவிலிருந்து வந்த குட்டை ரகக் கோதுமையை விதைத்தார். கட்சிக்குள்ளும் வெளியிலும் எழுந்த எதிர்ப்புக்கிடையே 1966-இல் 18,000 டன் மெக்சிகோ விதைக் கோதுமையை இறக்குமதி செய்யும் முடிவுக்கும் அவரே பொறுப்பேற்றார். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனும் அவரது சக விஞ்ஞானிகளும் அந்த விதையை இந்திய மண்ணுக்கும் சுவைக்கும் ஏற்ப மாற்றினர். 1968-இல் கோதுமைப் புரட்சியைக் கொண்டாடும் அஞ்சல்தலையைப் பிரதமர் இந்திரா காந்தி வெளியிட்டார்.

ஒரு பெயர், இரண்டு பயிர்கள்

குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்தில் 159 வகை ரோஜாக்கள் இருப்பதாக மாளிகையின் வெளியீடுகள் குறிப்பிடுகின்றன. குடியரசுத் தலைவர்களில் ஜாகிர் உசேன் ரோஜாவில் தனி ஈடுபாடு கொண்டவர். புது வகைகள் பலவற்றை இங்குக் கொண்டுவந்தவர். பூக்களின் பெயர்ப் பலகைகளில் கென்னடியும் எலிசபெத் ராணியும் அன்னை தெரசாவும் இடம்பெற்றுள்ளனர். அவற்றுள் ஒரு பலகையில் இருக்கும் பெயர் டாக்டர் பி.பி. பால்.

பெஞ்சமின் பியரி பால் ரோஜாக்களில் பல புது வகைகளை உருவாக்கியவர். அவரது முதன்மையான பணி கோதுமை. 1950 முதல் 1965 வரை தில்லி பூசா வளாகத்தில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். பின்னர் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கவுன்சிலின் முதல் தலைமை இயக்குநரானார். கோதுமையைத் தாக்கும் மூவகைத் துரு நோய்களையும் தாங்கும் என்.பி. 809 என்ற ரகம் அவரது உழைப்பின் பயன்.

ஒருவரே ரோஜாவிலும் கோதுமையிலும் புலமை பெற்றிருந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் வட இந்தியச் சமவெளியில் இவ்விரு செடிகளையும் ஆள்வது ஒரே குளிர்காலம். நவம்பரில் நாற்று பாத்திக்குப் போகும்போது கோதுமை விதை வயலுக்குப் போகிறது. பிப்ரவரியில் மலர் விரியும்போது கதிரில் பால் பிடிக்கிறது. பூந்தோட்டத்தில் மார்ச் முதல் வாரமே பூக்கள் தலை சாய்ந்தால், தொலைவில் உள்ள கர்னாலிலும் பானிப்பட்டிலும் கோதுமை மணி முற்றும் முன்பே காயத் தொடங்குகிறது என்று பொருள்.

மாறிவிட்ட பிப்ரவரி

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பதிவுகள் 1901-ஆம் ஆண்டிலிருந்து தொடர்ச்சியாக உள்ளன. நாடு முழுவதற்குமான சராசரியில், அன்று முதல் இன்று வரையிலான மார்ச் மாதங்களில் மிக அதிகமான பகல் வெப்பம் 2022-இல் பதிவானது, அது 33.10 டிகிரி. மறு ஆண்டே, 2023 பிப்ரவரியின் சராசரிப் பகல் வெப்பம் 29.54 டிகிரியாகி, அந்த மாதத்துக்கான புதிய உச்சத்தைத் தொட்டது. 2025 பிப்ரவரியின் சராசரி வெப்பநிலை 22.04 டிகிரி. 1901-க்குப் பிறகு அவ்வளவு வெப்பமான பிப்ரவரி அதுவரை வந்ததில்லை. நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று உச்சங்கள்.

க்ளைமேட் சென்ட்ரல் என்ற ஆய்வு அமைப்பு 1970-க்குப் பிந்தைய தரவுகளைப் பகுத்து 2024-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வட மாநிலங்களில் ஜனவரி மாதம் சற்றே குளிர்ந்தோ மிகக் குறைவாகவே வெப்பமடைந்தோ இருக்கிறது. பிப்ரவரி மாதமோ வேகமாக வெப்பமடைந்து வருகிறது என்பது அதன் முடிவு. ராஜஸ்தான், ஹரியாணா, தில்லி, பஞ்சாப், உத்தரப் பிரதேசம் உள்ளிட்ட பகுதிகளில் இந்த இடைவெளி பெரிது. குளிர் படிப்படியாகக் குறைந்து கோடைக்கு வழிவிடும் நிலை மாறி, குளிரிலிருந்து நேராக வெப்பத்துக்குத் தாவும் நிலை உருவாகிறது. நடுவில் நசுங்குவது வசந்தம்.

மத்திய தரைக்கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் என்ற காற்றுச் சுழற்சிகளே வடக்கிற்குக் குளிர்கால மழையையும் இமயமலைக்குப் பனியையும் கொண்டுவருகின்றன. அவை வலுவிழந்தாலோ வராமல் போனாலோ வானம் தெளிந்து வெயில் ஏறுகிறது. 2022 மார்ச்சில் நாட்டின் மழையளவு இயல்பைவிட 71 சதவீதம் குறைந்ததும் அதே மாதத்தின் வெப்பமும் தொடர்புடையவை.

ரேஷன் கடை வரை

அந்த மார்ச் மாதத்தின் விளைவு அரசின் ஆவணங்களிலேயே இருக்கிறது. 2022 பிப்ரவரியில் வேளாண் அமைச்சகம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி கோதுமை விளைச்சல் 11 கோடியே 13 லட்சம் டன்னாக இருக்க வேண்டும். மே மாதம் அது 10 கோடியே 64 லட்சம் டன்னாகக் குறைக்கப்பட்டது. பஞ்சாப், ஹரியாணா மண்டிகளுக்கு வந்த தானியத்தில் சுருங்கிய மணிகள் மிகுந்திருந்தன. கொள்முதல் விதிப்படி சுருங்கிய மணிகளுக்கான உச்சவரம்பு 6 சதவீதம். மத்திய அரசு அதை 18 சதவீதமாகத் தளர்த்த வேண்டியிருந்தது.

உக்ரைன் போரால் சந்தை விலை உயர்ந்திருந்ததால், விவசாயிகள் பலர் தனியாரிடம் விற்றனர். விளைச்சல் குறைவும் சந்தை விலையும் சேர்ந்து, முந்தைய ஆண்டில் 433 லட்சம் டன்னாக இருந்த அரசுக் கொள்முதலை 188 லட்சம் டன்னாக்கின. உலக வர்த்தக அமைப்பு அனுமதித்தால் உலகுக்கே உணவளிக்க இந்தியா தயார் என்று ஏப்ரலில் பிரதமர் கூறியிருந்தார். மே 13 அன்று கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதிக்கப்பட்டது. இலவச உணவு தானியத் திட்டத்தில் கேரளம், பீகார், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களுக்குக் கோதுமைக்குப் பதிலாக அரிசி ஒதுக்கப்பட்டது. தில்லிக்கு அருகே முன்னதாக வந்த வெயில் கேரளத்தின் ரேஷன் கடை வரை எட்டியது.

பொருளாதார ஆய்வறிக்கை இதை முன்கூட்டியே சொல்லியிருந்தது. 2018 ஜனவரி 29 அன்று நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட 2017-18 ஆய்வறிக்கை, பருவநிலை மாற்றத்தால் விவசாய வருமானம் சராசரியாக 15 முதல் 18 சதவீதம் வரையிலும், பாசனம் இல்லாத பகுதிகளில் 20 முதல் 25 சதவீதம் வரையிலும் குறையக்கூடும் என்று எச்சரித்தது. சில நாள்களில் பட்ஜெட் வந்தது. வரி விகிதங்கள் பற்றிய விவாதத்தில் அந்த அத்தியாயம் பின்னுக்குப் போனது.

விதையில் விடை, விலையில் கேள்வி

2023 பிப்ரவரியில் வெப்பம் மீண்டும் ஏறியபோது, கோதுமைப் பயிர் நிலவரத்தைக் கண்காணிக்க வேளாண் அமைச்சகம் ஒரு குழுவை அமைத்தது. வெப்பத்தைத் தாங்கும் ரகங்களை அதிகப் பரப்பில் விதைக்கும் முயற்சி வேகம் பெற்றது. பூசா நிறுவனம் அதே ஆண்டு எச்.டி. 3385 என்ற ரகத்தை அறிமுகப்படுத்தியது. அக்டோபர் பிற்பகுதியிலேயே இதை விதைக்கலாம். வழக்கமான ரகங்களை அவ்வளவு முன்னதாக விதைத்தால் இளவெப்பத்தில் விரைந்து வளர்ந்து, காலத்துக்கு முன்பே கதிர் தள்ளிவிடும். இந்த ரகம் குறிப்பிட்ட குளிர்நாள்களைக் கண்ட பிறகே கதிர் தள்ளும். மார்ச் வெயில் கடுமையாகும் முன் மணி முற்றிவிடும். வெயிலை எதிர்க்க முடியாதபோது அதற்கு முன்பே வேலையை முடித்துக்கொள்ளும் உத்தி இது.

முயற்சிக்குப் பலன் இல்லாமல் இல்லை. 2025-இல் அவ்வளவு வெப்பமான பிப்ரவரிக்குப் பிறகும் கோதுமை விளைச்சல் 11 கோடியே 70 லட்சம் டன்னைத் தாண்டிச் சாதனை படைத்தது. வெயில் ஏறிய ஒவ்வோர் ஆண்டும் பஞ்சம் வரும் என்று கூறுவது சரியாகாது. எந்த வாரத்தில் வெயில் ஏறுகிறது, இரவு எவ்வளவு குளிர்ந்தது, எந்த ரகம் எப்போது விதைக்கப்பட்டது என்பதைப் பொறுத்து விளைவு மாறுகிறது.

ஆனால் முன்கூட்டி விதைக்க வயல் காலியாக வேண்டும். பஞ்சாபிலும் ஹரியாணாவிலும் அக்டோபரில் வயலில் நெல் நிற்கிறது. நிலத்தடி நீரைக் காக்க 2009-இல் பஞ்சாப் கொண்டுவந்த சட்டம், ஜூன் மாதத்தில் குறிப்பிட்ட தேதிக்கு முன் நெல் நடவு செய்வதைத் தடுத்தது. நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே கிடைப்பது மிகச் சில வாரங்கள். வைக்கோல் தாள்களை எரிப்பதற்கும், அதன் புகை நவம்பரில் தில்லியை மூடுவதற்கும் இந்த நெருக்கடி முக்கிய காரணம். நெல்லைக் குறைத்து வேறு பயிருக்கு மாறுங்கள் என்று விவசாயிகளிடம் கூறுவது எளிது. நெல்லுக்கும் கோதுமைக்கும் கிடைக்கும் உறுதியான அரசுக் கொள்முதல் மற்ற பயிர்களுக்குக் கிடைக்கும் வரை அந்த அறிவுரைக்கு மதிப்பிருக்காது. குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் கேட்டுத் தில்லியின் எல்லைகளில் எழுந்த குரலின் உட்பொருளும் இதுதான்.

ஆக, வசந்தம் சுருங்குவதற்கான தீர்வு விதைப் பெட்டியில் பாதியும், கொள்முதல் கொள்கையில் பாதியுமாக இருக்கிறது. முதல் பாதியை விஞ்ஞானிகள் தேடி வருகின்றனர். இரண்டாம் பாதி நாடாளுமன்றத்தின் பொறுப்பு.

இடைவேளையில் கழியும் வாரங்கள்

பட்ஜெட் கூட்டத்தொடரின் முதல் பகுதி வழக்கமாக பிப்ரவரி நடுவில் முடிகிறது. துறைவாரி நிலைக்குழுக்கள் மானியக் கோரிக்கைகளை ஆராய்வதற்காக அவைகளுக்கு இடைவேளை விடப்படுகிறது. உறுப்பினர்கள் மீண்டும் கூடுவது மார்ச் மாதம். கோதுமையின் தலைவிதி முடிவாகும் வாரங்கள் பெரும்பாலும் இந்த இடைவேளையில் கழிந்துவிடுகின்றன. அவை கூடும்போது வெப்பத்தின் சேதம் தொடங்கியிருந்தால், அடுத்து வருவது கண்காணிப்புக் குழுவும் விதித் தளர்வும் இழப்பீட்டுக் கோரிக்கையும்தான்.

வேளாண் நிலைக்குழு கூடி மானியக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் அந்த நாள்களிலேயே, ரைசினா குன்றின் தோட்டத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் வந்துகொண்டிருப்பர். நார்த் அவென்யூ பக்கத்து 35-ஆம் எண் வாயில் வழியாக நுழைய அவர்களுக்குக் கட்டணம் இல்லை. பூக்கள் வாடும் நாளை அங்குள்ள பணியாளர்கள் ஆண்டுதோறும் கவனித்து, அடுத்த செப்டம்பரில் எந்த விதையை எத்தனை தவணையாக இடுவது என்று முடிவு செய்கின்றனர். ஒரு பருவத்தின் அனுபவம் அடுத்த பருவத்தின் திட்டமாகிறது. உணவுப் பஞ்சத்தின்போது அந்த வளாகத்தில் பூவுக்கு அருகே கோதுமை விதைக்கத் தயங்காதவர்கள் இருந்தனர். அந்த அவசர உணர்வு ஒரு முழுப் பாராளுமன்றத்துக்கும் வரவேண்டிய காலம், பிப்ரவரி வெயிலோடு சேர்ந்து முந்தி வந்துகொண்டிருக்கிறது.